ஒரு சோடிச் சப்பாத்தும் உலக முடிவும்

மத்ரஸாவில் 'மஸ்ஹு அலல் குஃப்பைன்' என்ற பாடத்தை நான் ஏறத்தாழ இருபது வருடங்களாக நடத்தி வருகிறேன். தோலினால் ஆன காலுறையை அணிந்திருப்பவர், வுழூச் செய்யும்போது அதனைக் கழற்றாமல் ஈரக் கையினால் தடவிக் கொள்ளலாம் என்ற சலுகையைப் பற்றிய பாடம் அது. நிபந்தனைகளை ஒன்று, இரண்டு என்று கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் மனனம் செய்து ஒப்புவிப்பார்கள். பரீட்சையில் நல்ல புள்ளிகளும் எடுப்பார்கள்.

ஒருமுறை ஒரு மாணவன் எழுந்து, "ஹஸரத், இத ஆரு போடுற?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. "குளிர் நாட்டுக்காரர்" என்று சொல்லிவிட்டு அடுத்த மஸ்அலாவுக்குப் போய்விட்டேன். உண்மையில் எனக்கும் பதில் தெரியாது. கிழக்குக் கரையோரத்து மணலில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் செருப்பையே பள்ளிவாசலுக்கும் கடைத்தெருவுக்கும்தான் போடுவோம். நான் கற்பித்த அந்தப் பாடத்தை என் கால்கள் ஒரு நாளாவது அறிந்ததில்லை.

அதனை அறிய வைத்தது ஹோர்ட்டன் சமவெளி. அதுவும் முதற் பயணத்தில் அல்ல, இரண்டாவது பயணத்தில்தான். முதற் பயணம் என்னால் கெட்டது. அந்தக் கதையைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனாலும் பாடசாலை விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலைநாட்டுக்குப் புறப்படும் குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

முதற் பயணம்

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது வெலிமடைப் பக்கத்தில் ஆசிரியராக இருக்கிறார். "ஹஸரத், ஒருக்கா வாங்க, உலக முடிவைக் காட்டுறன்" என்று பல வருடங்களாக அழைத்துக்கொண்டிருந்தார். 2023 பெப்ரவரியில் நானும் எங்கள் மத்ரஸாவின் பெரிய ஹஸரத்தும் புறப்பட்டோம். பெரிய ஹஸரத்துக்கு அப்போது வயது 64. உலக முடிவைப் பார்க்க வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் ஆசை. வானம் தெளிவாக இருந்தால் அந்த உச்சியிலிருந்து தென்கரைக் கடல் தெரியும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

மலை ஏறப் பூட்ஸ் வேண்டும் என்று மாணவர் சொன்னார். புறப்படுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன் காலையில் கடைக்குப் போனேன். வெறுங்காலில் ஒரு தோல் பூட்ஸைப் போட்டுப் பார்த்தேன். காலைக் கவ்விப் பிடித்தது. "சரியான அளவு, இழுபடும்" என்றார் கடைக்காரர். பெட்டியோடு வாங்கி வந்து, பெட்டியோடு பயணப் பையில் வைத்தேன். பெரிய ஹஸரத் தமது பழைய கென்வஸ் சப்பாத்தையே கொண்டுவந்தார்.

வெலிமடையிலிருந்து அதிகாலை நான்கு மணிக்கு வேனில் புறப்பட்டோம். குளிர் எலும்பைத் தொட்டது. தூக்கக் கலக்கத்தில் எழுந்தவுடன் சப்பாத்தை மாட்டிக்கொண்டேன். வுழூச் செய்யவில்லை. பொரலந்தை வழியாக ஒஹியவை அடைந்தபோது சுபஹ் நேரம் ஆகியிருந்தது. வீதியோரத்துக் குழாயில் வுழூச் செய்யப் போனபோதுதான் விளங்கியது, காலைக் கழுவ வேண்டும், சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்பது. சுத்தமான நிலையில் அணிந்தால்தான் மஸ்ஹுச் செய்ய முடியும் என்று வருடா வருடம் கற்பிப்பவன் நான். கழற்றிக் கழுவித் தொழுதுவிட்டு, துடைக்காத ஈரக் காலில் மேஸை இழுத்து, மேலே சப்பாத்தை மாட்டினேன்.

ஃபார் இன் என்னும் பழைய விடுதியிலிருந்துதான் நடைபாதை தொடங்குகிறது. சுற்றிவர சுமார் 9 கிலோமீற்றர். முதல் அரை மணிநேரத்தில் வலது குதிக்காலில் சூடு தெரிந்தது. பேசாமல் நடந்தேன். சின்ன உலக முடிவை அடைந்தபோது ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தால், ஒரு நாணயக் குற்றியளவு தோல் உரிந்து மேஸில் ஒட்டியிருந்தது. இடது காலில் கொப்புளம்.

தோளில் சாய்ந்துதான் திரும்ப முடியும். தோள் கொடுக்க மாணவர் ஒருவர்தான் இருந்தார். பெரிய ஹஸரத்தைத் தனியே அனுப்ப இயலாது. மூவரும் திரும்பினோம். உலக முடிவு இன்னும் இரண்டு கிலோமீற்றர் தூரத்தில்தான் இருந்தது.

"பரவாயில்ல மௌலவி, அடுத்த வருஷம் வருவம்" என்றார் பெரிய ஹஸரத். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

சப்பாத்துத் தைக்கும் ஐயா

மறுநாள் வெலிமடைக் கடைத்தெருவில் சப்பாத்துத் தைக்கும் ஒரு தமிழ் ஐயாவிடம் மாணவர் என்னை அழைத்துச் சென்றார். அவருடைய தகப்பனார் தோட்டத் துரைமாருக்குப் பூட்ஸ் தைத்தவராம். என் சப்பாத்தைக் கையிலெடுத்து வளைத்துப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"மௌலவி, நீங்க காலுக்கு வாங்கினீங்களா, பெட்டிக்கு வாங்கினீங்களா?"

அன்று அவர் ஒரு மணிநேரம் சொன்னவற்றை வாசகர்களுக்குச் சுருக்கித் தருகிறேன்.

சப்பாத்து வாங்கக் காலையில் போகக்கூடாது. பகல் முழுவதும் நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரமே சரி. மலையில் எந்த மேஸை அணியப் போகிறோமோ அதையே அணிந்துதான் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு கால்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரிய காலுக்கே அளவு பார்க்க வேண்டும். லேஸைக் கட்டாமல் காலை முன்னே தள்ளினால், குதிக்காலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டி நடந்தால் குதிக்கால் மேலே எழும்பக் கூடாது. கடைக்குள் ஏதும் சாய்வோ படியோ இருந்தால் இறங்கிப் பார்க்க வேண்டும். இறங்கும்போது பெருவிரல் முன்னே முட்டினால் அந்தச் சப்பாத்து வேண்டாம். ஏற்றம் குதிக்காலைத் தின்னும், இறக்கம் நகத்தைத் தின்னும் என்றார் ஐயா.

அடுத்தது தோல். மாட்டுத் தோலைத் தடிப்பில் இரண்டாகப் பிளப்பார்கள். மயிர்க்கால் உள்ள மேற்பக்கம் உறுதியானது, தண்ணீரைத் தாங்கும். கீழ்ப்பக்கம் பிளந்த தோல். அதற்குமேல் பூச்சு அடித்துப் பளபளப்பாக்கி விற்பார்கள். விரலால் அழுத்தி வளைத்தால், நல்ல தோலில் மெல்லிய சுருக்கங்கள் விழுந்து மறையும். பூச்சுத் தோலில் தகடு மடிந்தது போல ஒரு கோடு விழும். மேற்பகுதியில் தையல் குறைவாக இருப்பது நல்லது. ஒவ்வொரு தையலும் தண்ணீருக்கு ஒரு வாசல்.

பிறகு அடி. பள்ளங்கள் ஆழமாகவும் இடைவெளியோடும் இருந்தால் சேறு தானாக உதிரும். தைத்த அடியாக இருந்தால் தேய்ந்தபின் மாற்றலாம். ஒட்டிய அடியை மாற்றுவது கடினம். நடைபாதையில் விற்கும் பழைய வெளிநாட்டுப் பூட்ஸ்களில் ஒரு விசயம் கவனிக்க வேண்டும். சிலவற்றின் நுரை அடி, பல வருடங்கள் பாவிக்காமல் கிடந்தால், நம் நாட்டு ஈரக்காற்றில் உள்ளுக்குள்ளேயே உக்கிவிடும். பார்வைக்குப் புதிது போலிருக்கும். நடுவழியில் பிஸ்கட் போல நொறுங்கி விழும்.

கிதாபோடு ஒத்துப் பார்த்தபோது

ஐயா பேசப் பேச, என் மனதில் கரும்பலகை ஓடிக்கொண்டிருந்தது. குஃப் கரண்டைக் கால் உட்படக் கழுவ வேண்டிய பகுதி முழுவதையும் மறைக்க வேண்டும். அதை அணிந்து தொடர்ந்து நடக்கக்கூடிய உறுதி வேண்டும். தண்ணீர் ஊடுருவி உள்ளே போகக் கூடாது. சுத்தமான பொருளாக இருக்க வேண்டும். எங்கள் ஷாபிஈ கிதாபுகளில் உள்ள இந்த நிபந்தனைகளும் ஒரு சப்பாத்துத் தொழிலாளி நல்ல பூட்ஸுக்குச் சொல்லும் இலட்சணங்களும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. பாதத்தின் மேற்புறம் பிளந்திருந்து, கயிற்றினால் இழுத்துக் கட்டும்போது கால் தெரியாமல் மூடிக்கொண்டால் அதுவும் கூடும் என்று இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். லேஸ் கட்டும் பூட்ஸ் அதுதானே! நாக்குப் பகுதி இரு பக்கமும் உள்ளே தைக்கப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. கரண்டைக்குக் கீழே நின்றுவிடும் சப்பாத்துகளில் இந்தச் சலுகை கிடையாது.

'சுத்தமான பொருள்' என்ற நிபந்தனை இன்று மிகவும் முக்கியமானது. செத்த பிராணியின் தோலும் பதனிட்டால் சுத்தமாகும். ஆனால் பன்றி, நாய் ஆகியவற்றின் தோல் பதனிட்டாலும் சுத்தமாகாது என்பது எங்கள் மத்ஹபின் சட்டம். வெளிப்புறம் மாட்டுத் தோலாக இருக்கும். உட்புறத்தில், குதிக்கால் படும் இடத்தில், பன்றித் தோலை வைத்துத் தைப்பது உலகச் சந்தையில் உண்டு. அடையாளம் என்னவென்றால், பன்றித் தோலில் மயிர்த் துவாரங்கள் மூன்று மூன்றாக, முக்கோணமாகச் சேர்ந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்து உட்புறத்தைப் பாருங்கள். சப்பாத்தின் உள்ளே ஒட்டியுள்ள குறிப்பையும் வாசியுங்கள். சந்தேகமிருந்தால் துணி உட்புறம் உள்ளதை வாங்குங்கள்.

கால எல்லை, ஊரில் இருப்பவருக்கு ஒரு பகலும் இரவும். பயணிக்கு மூன்று பகலும் இரவும். அணிந்தபின் முதன்முதலாக வுழூ முறிந்த நேரத்திலிருந்து இதனைக் கணக்கிட வேண்டும். மற்ற மத்ஹபுகளில் சில விபரங்கள் வேறுபடும். அவரவர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நஜ்ஜாஷி மன்னர் அனுப்பிய இரண்டு கறுப்பு நிறக் குஃப்களை நபி (ஸல்) அவர்கள் அணிந்து மஸ்ஹுச் செய்ததாக ஹதீஸ் கிரந்தங்களில் வருகிறது. தபூக் பயணத்தில் முகீரா இப்னு ஷுஃபா (ரழி) அவர்கள் நபியவர்களின் குஃப்பைக் கழற்றக் குனிந்தபோது, சுத்தமான நிலையில்தான் அணிந்தேன், விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் கூறினார்கள். எத்தனை முறை இந்த ஹதீஸை நடத்தியிருப்பேன்! ஒஹியக் குழாயடியில் நின்ற அன்றுதான் அந்தச் சொல்லின் இதம் எனக்கு விளங்கியது.

ஆறு வாரங்கள்

அடுத்த சப்பாத்தை 2023 டிசம்பரில் மாலை நேரத்தில் வாங்கினேன். பெரிய ஹஸரத் தமக்கென வாங்கி வைத்திருந்த கம்பளி மேஸைப் போட்டுத்தான் அளவு பார்த்தேன். ஏனெனில் அந்த வருடத்தில் அவருடைய முழங்கால்கள் கெட்டுவிட்டன. தொழுகையே கதிரையில்தான். "நீங்க போய் வாங்க, எனக்கும் சேர்த்துப் பாருங்க" என்று சொல்லி மேஸை என் கையில் தந்தார்.

ஐயா சொன்னபடி சப்பாத்தைக் காலுக்குப் பழக்கினேன். முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும், தினமும் அரை மணிநேரம். மணல் ஊரில், மார்கழி மழை பெய்யும் இரவில், பூட்ஸோடு சாலைக்கும் குசினிக்கும் நடந்த என்னைப் பார்த்து மனைவி, "என்ன, பட்டாளத்துக்குப் போறீங்களா?" என்று கேட்டார். பிள்ளைகள் பின்னால் அணிவகுத்து வந்தார்கள். எங்காவது சூடு தெரிந்தவுடன் கழற்றிவிட வேண்டும். தாங்கிக்கொண்டு நடப்பது வீரமல்ல. இரண்டாம் வாரம் ஒரு மணிநேரம், கடைத்தெரு வரை. மூன்றாம், நான்காம் வாரங்களில் மத்ரஸாவின் மாடிப்படியில், முதுகில் ஐந்து கிலோ அரிசிப் பையுடன் ஏறி இறங்கினேன். கடைசி இரண்டு வாரங்களில் சுபஹுக்குப் பின் ஐந்தாறு கிலோமீற்றர்.

தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, காலிலேயே காயவிட்டால் சீக்கிரம் படியும் என்று சிலர் சொல்வார்கள். ஒட்டிய அடிக்கு அது ஆகாது என்று ஐயா தடுத்தார். நனைந்த சப்பாத்தை அடுப்பருகிலோ வெயிலிலோ வைக்கவும் கூடாது. தோல் சுருங்கி வெடிக்கும். பழைய பத்திரிகைத் தாளை உள்ளே திணித்து நிழலில் வைத்தால் ஈரத்தை அது குடித்துவிடும். தேன்மெழுகை மெல்லியதாகத் தேய்க்க வேண்டும். அதிகம் தேய்த்தால் தோல் தளர்ந்து காலைப் பிடிக்காது. போடுமுன் தலைகீழாகத் தட்ட வேண்டும். தேளோ பூரானோ இருக்கலாம். நகத்தை நேராக வெட்ட வேண்டும்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் இதனைச் சிறிய விசயமாக எண்ண வேண்டாம். அவர்களுக்குக் காலின் உணர்ச்சி குறைந்திருக்கும். சப்பாத்துக் கடித்தது தெரியாமலே புண்ணாகி, விரலை இழந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். வைத்தியரைக் கேட்காமல் புதுச் சப்பாத்தோடு மலைக்குப் போகவே வேண்டாம்.

நான்காம் வாரம் முடியும்போது முன்பாதம் மடியும் இடத்தில் தோல் மெல்லச் சுருங்கியிருந்தது. குதிக்காலுக்கு ஒரு குழி விழுந்திருந்தது. சப்பாத்து என்னுடையதாகிவிட்டது.

வேட்டைக்காரர்களின் பூமி

2024 பெப்ரவரியில் மறுபடியும் வெலிமடை. இம்முறை மூன்றரை மணிக்கே எழுந்து வுழூச் செய்து, கால்களை நன்றாகத் துடைத்து உலர்த்தி, அதன்பிறகு சப்பாத்தை அணிந்தேன். வழியில் அதே இடத்தில் சுபஹைத் தொழுதோம். மாணவர் என் கால்களைப் பார்த்துச் சிரித்தார்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீற்றர் உயரத்தில் விரிந்து கிடக்கும் புல்வெளி அது. சிங்களத்தில் மஹ எலிய. ஆங்கிலத் தேசாதிபதி வில்மட் ஹோர்ட்டனின் பெயரை வெள்ளையர் வைத்தனர். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் இங்கிருந்து நீர் போகிறது. காலை வெயில் படும்போது புல் நுனியில் உறைபனி மினுங்கியது. மரைக் கூட்டமொன்று எங்களைப் பார்த்தும் ஓடாமல் மேய்ந்துகொண்டிருந்தது.

அவற்றின் முன்னோர் இப்படி நின்றிருக்க முடியாது. தோல் பூட்ஸ் இந்த மலைக்கு வந்தது வேட்டைக்காரர்களின் காலில்தான். 1840களின் பிற்பகுதியிலும் 1850களின் முற்பகுதியிலும் நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர், நாய்களை ஏவி மரைகளை விரட்டி, கத்தியால் குத்திக் கொல்வதைத் தம் நூல்களில் பெருமையோடு விபரித்திருக்கிறார். இங்குள்ள நீர்வீழ்ச்சி அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. நாங்கள் நடை தொடங்கிய ஃபார் இன்னும் அந்நாளில் வேட்டைக்கு வருவோர் தங்கிய விடுதியே. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்பர். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். ஒரு காலத்தில் இம்மலைகளில் திரிந்த யானைகளில் ஒன்றுகூட இன்று இந்தச் சமவெளியில் இல்லை.

உணவுக்காக வேட்டையாடுவதை மார்க்கம் நிபந்தனைகளோடு அனுமதித்திருக்கிறது. உயிருள்ளதைக் குறிபார்க்கும் விளையாட்டுப் பொருளாக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். 1937இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988இல் ஹோர்ட்டன் சமவெளி தேசிய பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமையில் சேர்ந்தது. இன்று இங்கே வேட்டை குற்றம். வாசலிலே பொலித்தீனைக்கூட வாங்கி வைத்துவிடுகிறார்கள். கல்லும் சேறும் வேரும் நிறைந்த பாதை மட்டும் மாறவில்லை; அதற்கு அந்த வேட்டைக்காரர்களின் சப்பாத்துத்தான் இன்றும் வேண்டியிருக்கிறது.

சின்ன உலக முடிவில், சென்ற வருடம் நான் உட்கார்ந்த அதே கல்லில் ஒரு நிமிடம் உட்கார்ந்தேன். கால்களில் எந்தச் சூடும் இல்லை. எழுந்து நடந்தோம்.

உலக முடிவை எட்டரை மணிக்கு அடைந்தோம். ஒன்பது, பத்து மணியானால் மூடுபனி ஏறிவிடும். காலடியில் பூமி முடிந்து ஏறத்தாழ 870 மீற்றர் கீழே தோட்டங்களும் லயன் வீடுகளும் தீப்பெட்டிகளாகத் தெரிந்தன. தூரத்தில் வானமும் நிலமும் சேருமிடத்தில் வெளிறிய ஒரு கோடு. "அதுதான் கடல், ஹஸரத்" என்றார் மாணவர். நான் பெரிய ஹஸரத்துக்காக அதை நீண்ட நேரம் பார்த்தேன். "ஸுப்ஹானல்லாஹ்" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

பேக்கர் நீர்வீழ்ச்சி வழியாகச் சுற்றித் திரும்பியபோது ளுஹர் நெருங்கியிருந்தது. பயணிகளான நாங்கள் ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழ எண்ணினோம். அப்போதுதான் கரும்பலகையில் எழுத மறந்த ஒரு விசயம் நினைவுக்கு வந்தது. மரைகள் மேய்ந்த பாதை அது. சப்பாத்தின் அடியில் சாணம். உண்ணத்தக்க பிராணியின் சாணமும் நஜீஸ் என்பது எங்கள் மத்ஹப். அந்த அடியோடு தொழ முடியாது. கழற்றிவிட்டாலோ மஸ்ஹு முடிந்துவிடும். எனவே ஃபார் இன் அருகிலுள்ள குழாயில், ஒரு குச்சியால் பள்ளங்களைச் சுரண்டி, அடிகளை நன்றாகக் கழுவினேன். ஐயா ஆழமான, இடைவெளியுள்ள அடி என்று சொன்னதன் பயன் அங்கேயும் தெரிந்தது.

பிறகு முகம், கை, தலை. கடைசியில் குனிந்து, நனைந்த விரல்களை விரித்துச் சப்பாத்தின் மேல் இழுத்தேன். தேன்மெழுகு பூசிய தோலில் விரல் போன வழியே ஈரக்கோடுகள் விழுந்தன. இருபது வருடம் சொல்லிக்கொடுத்ததை முதன்முறையாகச் செய்தேன். உள்ளே என் கால்கள் சூடாக, காய்ந்து, காயமின்றி இருந்தன.

ஊர் திரும்பியதும் பெரிய ஹஸரத்தின் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். கம்பளி மேஸைக் கழுவிக் காயவைத்து எடுத்துப் போயிருந்தேன்.

"கடல் தெரிஞ்சதா மௌலவி?"

"தெரிஞ்ச, ஹஸரத். தூரத்துல, வெள்ளிக் கோடு மாதிரி."

அவர் வாசலைக் காட்டிச் சிரித்தார். நூறு யார் தூரத்தில் எங்கள் ஊர்க் கடல் இரைந்துகொண்டிருந்தது. "இதப் பார்க்கவா அவ்வளவு தூரம் ஏறின?" என்றார். சற்று நேரம் கழித்து, "கால் கடிச்சதா?" என்று கேட்டார். "இல்ல ஹஸரத்" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி மேஸை என்னிடமே திருப்பித் தந்தார்.

இவ்வருடம் அந்தப் பாடத்தை நடத்தும்போது சப்பாத்தை வகுப்புக்கே கொண்டுபோனேன். பிள்ளைகள் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தார்கள். உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். "இத ஆரு போடுற?" என்று எவரும் கேட்கவில்லை.

நடக்கும் கால்களை நமக்கு அமானிதமாகத் தந்த அல்லாஹ், அவற்றை நல்ல பாதைகளில் நடத்துவானாக. பெரிய ஹஸரத்தின் முழங்கால்களுக்கும் ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.